பாலர் வகுப்பும் பெரும்படிப்பும்

மன்னார்க்குடாக் கடலில் கடைசி முத்துச் சலாபம் நடந்தது 1961-ஆம் வருஷத்தில். அதற்குப் பின் தூத்துக்குடிக் கரையில் சலாபம் கூறப்படவில்லை. முத்துக்குளிக்கத் தோணிகள் பாருக்குப் போகவில்லை. சிப்பிக் குவியல்கள் ஏலத்துக்கு வரவில்லை. கொற்கை நாள்தொட்டு உலகறிந்த தொழில், ஒரு தலைமுறைக்குள் பழங்கதையாயிற்று. குளிப்பவருக்குக் குறைவில்லை, தோணிக்குக் குறைவில்லை, முத்து வாங்குவோருக்கும் குறைவில்லை. பாரில் சிப்பி இல்லை, அவ்வளவே. முத்துச் சிப்பியின் குஞ்சு பிறந்து ஏறத்தாழ மூன்று வாரம் நீரோட்டத்தில் மிதந்து திரிகிறது. அதன் பிறகுதான் பற்றி அமர இடந்தேடுகிறது. இடம் வாய்த்த குஞ்சு சிப்பியாகும், வாய்க்காதது அழியும். குஞ்சு பற்றாத பாரில் சில வருஷங்கழித்து எத்துணைக் கெட்டிக்காரரை இறக்கினாலும் வெறும் மணலே கைக்கு வரும்.

இதனை நாம் இங்குக் கூறுவது கடல்நூல் கற்பிப்பதற்காக அன்று. நம் நாட்டுக் கல்வி முறையைக் காணுந்தோறும் இப்பார்கள் நமக்கு நினைவு வருகின்றன. கல்வி என்றவுடன் நம்மவர் பத்தாம் வகுப்புப் பரீக்ஷையையும், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணையும், கலாசாலைப் பட்டத்தையும் நினைக்கின்றனர். அவை குளிப்புக் காலத்துச் செய்திகள். குஞ்சு பற்றுங் காலமாகிய முதல் ஆறு வயதைப் பற்றிப் பேசுவோர் எத்தனை பேர்? அவ்வயதுக் குழந்தைகளை ஒப்புவிக்கப் பெற்ற ஆசிரியைக்கு நாடு என்ன கல்வி அளிக்கிறது என்று சட்டசபையிலோ, பொதுமேடையிலோ, நம் பத்திரிகைகளிலோ கேட்டவர் எத்தனை பேர்? நாமும் போதிய அளவு கேட்கவில்லை என்பதை முதலில் ஒப்புக்கொண்டு, இன்று கேட்க முற்படுகிறோம்.

நமது கோரிக்கையை மறைவின்றி முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பால்வாடிகளிலும் பாலர் வகுப்புகளிலும் ஏற்கெனவே வேலை செய்துவரும் ஆசிரியர்களுக்கென்று, இளங்குழந்தைக் கல்வியில் பட்டமேற்படிப்பு ஒன்று ஏற்படவேண்டும். அது தமிழில் நடைபெறவேண்டும். வேலையை விட்டு விலகாமலே படிக்கக்கூடியதாக இருக்கவேண்டும். அதன் முதல் நிலையம் தூத்துக்குடியில் தோன்றவேண்டும்.

இதைக் கேட்டுச் சிலர் நகைப்பர். "குழந்தைகளோடு விளையாடுவதற்கு எம்.ஏ. பட்டமா?" என்பர். அந்நகைப்பில்தான் நோயின் வேர் இருக்கிறது. அந்நகைப்பு நம் மாகாணத்தில் என்ன விளைத்தது என்பதை ஒரு சிறு சரித்திரம் காட்டும்.

பதவியிறக்கமா?

2019-ஆம் வருஷம் தமிழ்நாட்டுச் சர்க்கார், நடுநிலைப் பள்ளி வளாகங்களிலுள்ள 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளைத் தொடங்கினர். ஏழைக் குழந்தைக்கும் பாலர் வகுப்பு கிடைக்கவேண்டும் என்ற எண்ணம் நல்லதே. ஆனால் அவ்வகுப்புகளுக்கு ஆசிரியரைத் தேடிய விதம் என்ன? ஆரம்பப் பள்ளிகளில் உபரியென்று கணக்கிடப்பட்ட இடைநிலை ஆசிரியர்கள் அங்கு மாற்றப்பட்டனர். அவர்கள் பெற்றிருந்த பயிற்சி முதல் வகுப்பு முதலாகப் போதிப்பதற்கு உரியது. மூன்று வயதுக் குழந்தையை எதிர்கொள்வதற்கு உரியதன்று. இம்மாற்றத்தைப் பதவியிறக்கம் என்று ஆசிரியர் சங்கங்கள் கொதித்தன. வழக்கு ஹைகோர்ட்டு வரை சென்றது.

2022-இல் அவ்வாசிரியர்கள் மீண்டும் ஆரம்பப் பள்ளிகளுக்கே அழைக்கப்பட்டனர். பாலர் வகுப்புகள் மூடப்படும் என்ற பேச்சு எழுந்தது. பெற்றோரும் பொதுமக்களும் ஆட்சேபிக்கவே, வகுப்புகள் தொடரும் என்று சர்க்கார் அறிவித்தனர். தொடர்ந்தது எவ்வாறு? மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியத்தில் தற்காலிக ஆசிரியர்களைக் கொண்டு!

நேயர்கள் இவ்விரண்டு காட்சிகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நிரந்தர உத்தியோகமும் ஒழுங்கான சம்பளமும் உடைய ஆசிரியர், பாலர் வகுப்புக்குப் போவதை அவமானமாகக் கருதினார். அவ்விடத்துக்குச் சர்க்கார் இட்ட விலையோ ஐயாயிரம் ரூபாய். இருவர் கண்ணிலும் பாலர் வகுப்பு ஏணியின் அடிப்படியாகவே தோன்றியது. ஆசிரியர்களை மாத்திரம் நாம் குறைகூற மாட்டோம். ஒரு தொழிலுக்கு உயர்ந்த படிப்பும் இல்லை, மேற்பதவியும் இல்லை, தக்க ஊதியமும் இல்லை என்றால், அதற்குத் தள்ளப்படுபவர் அதைத் தண்டனை என்று எண்ணாமல் வேறென்ன எண்ணுவார்? பயிற்சியின்றிப் பிரசவ அறைக்கு அனுப்பப்பட்ட கண்வைத்தியர் கொதித்தால், அவர் பிரசவ வைத்தியத்தை இழிவாக நினைக்கிறார் என்று நாம் சொல்லுவோமா?

சட்டம் சொல்வது

நாம் வழக்கறிஞர் தொழிலில் பழகியவர்களாதலின் சட்டத்தின் நிலையையும் எடுத்துக்காட்டுவது கடமையாகிறது. 1950-இல் அமலுக்கு வந்த அரசியற் சட்டத்தின் 45-ஆவது ஷரத்து, பத்து வருஷத்துக்குள் பதினான்கு வயது நிரம்பும் வரை எல்லாக் குழந்தைகட்கும் இலவசக் கட்டாயக் கல்வி அளிக்க முயலவேண்டும் என்றது. "எல்லாக் குழந்தைகள்" என்ற அச்சொல்லில் மூன்று வயதுக் குழந்தையும் அடங்கியிருந்தது. 2002-இல் நிறைவேறிய 86-ஆவது திருத்தம், ஆறு முதல் பதினான்கு வயது வரை உள்ளோர்க்குக் கல்வியை அடிப்படை உரிமை ஆக்கியது. அது பெருஞ்செயலே. ஆனால் ஆறு வயதுக்குட்பட்டவரை அவ்வுரிமைக்கு வெளியே நிறுத்தி, அவர்களுக்காக அரசு "முயலவேண்டும்" என்ற மட்டில் விட்டுவிட்டது. 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் 11-ஆவது பிரிவும் இளங்குழந்தைகளுக்கு ஏற்பாடு "செய்யலாம்" என்கிறதேயன்றி, "செய்யவேண்டும்" என்று சொல்லவில்லை.

குழந்தையின் உரிமை இவ்வாறு அரையுரிமையாக நிற்கவே, அக்குழந்தையின் ஆசிரியையும் அரை ஆசிரியையாக நின்றுவிட்டாள். 2006-இல் சுப்ரீம் கோர்ட்டு, அங்கன்வாடி ஊழியர் சர்க்காரின் சிவில் உத்தியோகஸ்தர் அல்லர் என்று தீர்ப்பளித்தது. 2022 ஏப்ரல் 25-ஆம் தேதி அதே கோர்ட்டு, அவர்கள் பணிக்கொடைச் சட்டத்தின் பயனுக்கு உரியவர் என்று தீர்ப்புக் கூறியது. அவர்களுடைய நிலையைச் சீர்திருத்தச் சர்க்கார்கள் சிந்திக்கவேண்டும் என்றும் வற்புறுத்தியது. நியாயஸ்தலம் ஓரடி முன்வந்திருக்கிறது. பல்கலைக்கழகங்கள் எத்தனை அடி முன்வந்தன?

ஆசிரியர் கல்விக்கான தேசியக் குழு 2014-இல் வகுத்த விதிகளை எடுத்துக் கொள்வோம். அவ்விதிகளில் குழந்தைப் பள்ளி ஆசிரியருக்கு இரண்டு வருஷப் பட்டயம் ஒன்று உண்டு. ஆனால் எம்.எட். என்னும் மேற்பட்டத்துக்கு வரும்போது, ஆரம்பக் கல்வி, இடைநிலைக் கல்வி என்ற இரு கிளைகளே சிறப்புப் பாடமாக வைக்கப்பட்டன. பாலர் கல்வி தனிக்கிளையாக அங்கு இடம்பெறவில்லை. 2020-ஆம் வருஷத்துத் தேசியக் கல்விக் கொள்கை மூன்று வயது முதலே கல்வியின் அஸ்திவாரம் என்று முழங்கிற்று. அக்கொள்கையின் பிற பகுதிகளைப் பற்றித் தமிழ்நாடு கொண்டுள்ள ஆட்சேபங்கள் யாவரும் அறிந்தவை. இங்கு அவற்றுள் நாம் புகவில்லை. ஆனால், இன்று வேலையிலிருக்கும் அங்கன்வாடி ஆசிரியைக்கு அக்கொள்கை அளிப்பது என்ன? பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவளாயின் ஆறு மாதச் சான்றிதழ். முடிக்காதவளாயின் ஒரு வருஷப் பட்டயம். அதுவும் தொலைக்காட்சி, கைப்பேசி ஆகியவற்றின் வழியாகவும் படித்துக்கொள்ளலாமாம். அஸ்திவாரம் என்று சொல்லிவிட்டு, அதைக் கட்டும் கொத்தனாருக்கு அரைக் கரண்டி கொடுப்பது போல்வது இது!

இது கற்க வேண்டிய வித்தைதானா?

பாலரைப் பேணுவது பெண்களுக்கு இயல்பாக வருவது, அதற்குப் படிப்பு எதற்கு என்பது இரண்டாவது ஆட்சேபம். தாய்மையின் பெருமையை நாம் குறைக்கவில்லை. ஆயினும் ஒரு குழந்தையை வளர்ப்பது வேறு. வெவ்வேறு வீடுகளினின்றும் வரும் இருபது முப்பது குழந்தைகளை ஒருங்கே வளர்ப்பது வேறு. நம் முன்னோர் இதனை வெறும் இயல்பென்று தள்ளிவிடவில்லை. உற்று நோக்கத்தக்க பொருளாகவே கொண்டனர். பிள்ளைத்தமிழ் என்னும் பிரபந்தத்தைப் பாருங்கள். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்று குழந்தையின் வளர்ச்சியைப் பருவம் பருவமாக அது வகுக்கிறது. தலைநிமிர்த்தி அசைவது ஒரு பருவம். இரு கையும் கொட்டுவது ஒரு பருவம். தளர்நடையிட்டு வருவது ஒரு பருவம். எட்டாத நிலவை நோக்கி அழைப்பது ஒரு பருவம். மணல்வீடு அழிப்பதும், சிறுபறை முழக்குவதும், சிறுதேர் உருட்டுவதும் ஆண்பாற்குரிய கடைசிப் பருவங்கள். இன்று மேல்நாட்டுக் குழந்தை மனநூலார் பட்டியலிட்டுப் போதிக்கும் கூர்ந்த நோக்கு, நம் புலவரிடம் பாட்டாக விளங்கியது. அப்பிரபந்தங்களுள் ஒன்றாகிய திருச்செந்தூர்ப் பிள்ளைத்தமிழைப் பகழிக்கூத்தர் பாடியது இம்மாவட்டத்துக் கடற்கரைத் தெய்வத்தின்மீதே.

மற்றொன்றும் கருதத்தக்கது. மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் பாடிய குமரகுருபரர் பிறந்தது இதே மாவட்டத்து ஸ்ரீவைகுண்டத்தில். ஐந்து வயது வரை அவர் வாய்பேசாதிருந்தார் என்பது வழிவழி வரும் வரலாறு. பெற்றோர் செந்தூர்ச் சந்நிதிக்கு எடுத்துச்சென்று முறையிட்டனர். அவர் வாய் திறந்தது. இன்று ஒரு பால்வாடியில் நான்கு வயதாகியும் பேசாத குழந்தை ஒன்று வந்து அமர்கிறது. அதற்குக் காது கேட்கவில்லையா? பேச்சுறுப்பில் குறையா? மற்றவர்களோடு கலக்கும் இயல்பே வேறு விதமானதா? அல்லது வீட்டில் எல்லோரும் விடியுமுன் வேலைக்குப் போய்விடுவதால் அதனோடு பேசுவார் இல்லையா? இந்நான்கிற்கும் செய்யவேண்டியவை நான்கு. முதலில் கண்டுணரக் கூடியவர் அவ்வாசிரியையே. கண்டுணரக் கற்பிக்கப்படாவிடின், "மந்தம்" என்ற ஒரு சொல்லில் அக்குழந்தையின் வாழ்வு முடிந்துபோம்.

ஆறு வயதுக்குள் குழந்தையின் மூளை, வளர்ந்தவரின் மூளையளவில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கை எட்டிவிடுகிறது என்று உடல்நூலார் கூறுகின்றனர். அமெரிக்காவின் மிச்சிகன் மாகாணத்து இப்ஸிலாண்டி நகரில் 1962 முதல் 1967 வரை நடந்த பரீக்ஷையொன்று உலகறிந்தது. ஏழைக் கறுப்பினக் குழந்தைகள் 123 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு மாத்திரம் நல்ல பாலர் கல்வி அளித்து, அவர்கள் நாற்பது வயதை எட்டும்வரையும் அதற்கு மேலும் தொடர்ந்து ஆராய்ந்தனர். பாலர் கல்வி பெற்றவருள் பள்ளிப் படிப்பை முடித்தவர் மிகுதி, சம்பாத்தியம் மிகுதி, போலீஸ் கைக்குச் சிக்கியவர் குறைவு. அப்பள்ளியில் போதித்தவர் பட்டம் பெற்று ஆசிரியப் பயிற்சியும் முடித்தவர்கள். ஒருவரிடம் ஐந்தாறு குழந்தைகளே இருந்தனர். பட்டம் ஒன்றே அப்பயனை விளைத்தது என்று நாம் வாதிக்கவில்லை. ஆனால் பயிற்சியில்லாத கையில், நாற்பது குழந்தைகளை அடைத்து, அதே பயனை எதிர்பார்ப்பது நியாயமன்று என்பது திண்ணம். பின்லாந்து தேசம் 1995-இல் குழந்தைப் பள்ளி ஆசிரியர் பயிற்சியைப் பல்கலைக்கழகத்துக்கே மாற்றிவிட்டது. அவர்கள் நகைக்கவில்லை.

முன்னோடிகள்

இத்துறை நம் தேசத்துக்குப் புதிதன்று. குஜராத்தியரான கிஜுபாய் பதேகா வக்கீலாகத் தொழில் நடத்தியவர். தமக்கு மகன் பிறந்தபின் குழந்தைக் கல்வியில் கருத்தூன்றி, 1916-இல் வக்கீல் தொழிலை விட்டுப் பாவநகர்த் தக்ஷிணாமூர்த்தி நிலையத்தில் சேர்ந்தார். 1920-இல் அங்கே பாலமந்திரம் கண்டார். அவருடன் உழைத்த தாராபாய் மோடக், 1945-இல் போர்டி கிராமத்துக்குச் சென்று, ஏழை மக்களின் வீட்டு முற்றங்களிலேயே குழந்தைப் பள்ளி நடத்தினார். அவருக்குத் துணைநின்ற அனுதாய் வாக், பால்ய விதவை. வேலை செய்துகொண்டே படித்துப் பின்னர்ப் பட்டமும் பெற்றவர். முற்றத்துப் பள்ளி என்று பொருள்படும் "அங்கன்வாடி" அவர்கள் வளர்த்த முறை. 1972-இல் மீனா சுவாமிநாதன் தலைமையில் வந்த குழுவின் அறிக்கை வழிகாட்ட, 1975 அக்டோபர் 2-ஆம் தேதி தொடங்கிய குழந்தை வளர்ச்சித் திட்டம் அப்பெயரையே ஏற்றது. இன்று தமிழ்நாட்டில் மாத்திரம் 54,000-க்கு மேற்பட்ட அங்கன்வாடிகள் உள்ளன. பெயரை ஏற்றோம், அவர்களுடைய பயிற்சியை ஏற்றோமா?

சென்னை அடையாற்றுக்கு மரியா மாண்டிசோரி அம்மையார் வந்தது 1939-இல். அங்கு நடந்த முதற் பயிற்சிக்குத் தேசத்தின் பல பாகங்களினின்றும் ஏறத்தாழ 300 பேர் வந்து குழுமினர். யுத்த காலத்தில் அந்நியப் பிரஜையாகக் கட்டுக்காவலில் வைக்கப்பட்டும், கோடைக்கானலில் இருந்தவாறே அவர் தமது ஆராய்ச்சியை விடவில்லை. தமிழ் மண் உலகப் பாலர் கல்விக்குப் பட்டறையாக இருந்த காலம் அது. பின்னர் அவ்வித்தை என்னாயிற்று? பெரும்பாலும் பணம் படைத்தோரின் ஆங்கிலப் பள்ளிகளின் பெயர்ப்பலகைக்கு ஏறிவிட்டது. "மாண்டிசோரி" என்ற பலகை தொங்காத தெரு நகரங்களில் அரிது. அம்முறையை அறிந்த ஆசிரியை கிராமத்துப் பால்வாடியில் அதனினும் அரிது.

குழந்தைப் பள்ளியை அற்பமென்று நினைக்கும் அரசியல் நண்பர்கட்கு ஒரு செய்தி கூறுவோம். ஜெர்மனியில் பிரோபெல் தொடங்கிய குழந்தைப் பூங்காக்களை 1851-இல் பிரஷ்ய சர்க்கார் தடைசெய்தனர். 1860 வரை அத்தடை நீங்கவில்லை. சேனையும் சிறைச்சாலையும் உடைய அரசாங்கம், குழந்தைகள் பாடி ஆடும் கொட்டகையைக் கண்டு அஞ்சியது. அச்சம் கொண்டவர்க்குத் தெரிந்த உண்மை அன்பு கொண்டவராகிய நமக்குத் தெரியாமற் போகலாமா?

ஏன் தூத்துக்குடி?

இக்கரையின் வாழ்க்கையை அறிந்தவர் இக்கேள்வியைக் கேட்கமாட்டார். வேம்பார் முதல் பெரியதாழை வரை மீனவர் ஊர்கள். நகரைச் சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் உப்பளங்கள். தமிழ்நாட்டு உப்பில் பெரும்பங்கு இங்கு விளைகிறது. வெயிலுக்கு அஞ்சி உப்பளப் பெண்கள் கோழி கூவுமுன்னரே வேலைக்குப் புறப்பட்டுவிடுகின்றனர். பால்வாடி திறப்பதோ பொழுது நன்றாக ஏறிய பின்னர். இடைப்பட்ட நாழிகைகளில் குழந்தை யார் கையில்? அக்காள் கையில், அவளுக்கும் எட்டு வயதே. பாட்டி இருந்தால் அது பாக்கியம். தகப்பன் கடலுக்குப் போனவன். சில நாள் வருவான், சில நாள் வாரான். புயலறிவிப்பு வந்தால் தெரு முழுதும் கலங்குகிறது. அக்கலக்கம் மூன்று வயதுக் குழந்தையின் நெஞ்சிலும் இறங்குகிறது. மீன்பிடிக்குத் தடை விதிக்கும் மாதங்களில் வீட்டின் அடுப்பும் குழந்தையின் முகமும் ஒருங்கே மாறுகின்றன.

இவற்றுக்கேற்ற பாலர் கல்வி எது என்பதை லண்டனில் அச்சான புத்தகம் சொல்லாது. டில்லியில் தயாரான பாடத்திட்டமும் சொல்லாது. "ஆப்பிள்" படத்தைக் காட்டி எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் வகுப்பில், குழந்தையின் மடியிலோ சோழியும் சிப்பியும் கிடக்கின்றன. எண்ணுவதற்குச் சிப்பி போதாதா? சிறிது பெரிது அறிய மீன் போதாதா? வடிவமறிய உப்புப் பாத்தியினும் நல்ல சதுரம் உண்டா? இவற்றை வகுப்பாக்கும் அறிவு அவ்வூர் ஆசிரியைக்கே உண்டு. ஆனால் தன் அறிவை அறிவென்று அவள் நம்பவில்லை. அவளை நம்பச் செய்தார் ஒருவருமில்லை. பட்டமேற்படிப்பின் முதற்பயன், மேல்நாட்டார் கண்டதை அவளுக்குப் புகட்டுவதன்று. அவள் கண்டதை ஆராய்ச்சியாக்கி உலகின்முன் வைக்க அவளுக்குத் திறமளிப்பது.

தமிழில் என்று நாம் வற்புறுத்துவதும் இதுபற்றியே. ஆங்கிலங் கற்றுப் பிழைத்தவர்கள்தாம் நாம். அம்மொழியின்மீது நமக்குப் பகையில்லை. ஆனால் குழந்தை அழுவதும், சிரிப்பதும், பொய்யாகச் சமைப்பதும், பொம்மைக்குத் தாலாட்டுவதும் தமிழில். அதனை உற்றுநோக்கும் ஆசிரியை சிந்திப்பதும் தமிழில். ஆராய்ச்சியை மாத்திரம் ஆங்கிலத்தில் எழுது என்பது, கண்ணைக் கட்டிவிட்டுச் சித்திரம் எழுது என்பதற்கு ஒப்பாகும்.

எப்படி நடத்துவது?

கோவை அவினாசிலிங்கம் கலாசாலை போன்ற இடங்களில் மனையியலின் கிளையாகக் குழந்தை வளர்ச்சி மேற்படிப்பாகப் போதிக்கப்பட்டு வந்திருக்கிறது. அதனை நாம் பாராட்டுகிறோம். ஆனால் பகல் முழுதும் குழந்தைகளோடு நின்று, மாலையில் வீட்டுச் சுமை தாங்கும் ஆசிரியை, இரண்டு வருஷம் ஊரைவிட்டுப் போய்ப் படிக்க இயலுமா? ஆகையால் வகுப்பு அவளைத் தேடி வரவேண்டும். நாம் கருதும் முறை இது:

கோடை விடுமுறையில் தொடர்ச்சியான வகுப்புகள்; மற்ற மாதங்களில் சனிக்கிழமை வகுப்பு. மூன்று வருஷத்தில் படிப்பு முடியவேண்டும். படிக்குங் காலத்துச் சம்பளம் குறையலாகாது. வகுப்புக்கு வரும் நாள் வேலைநாளாகக் கணக்கிடப்பட வேண்டும். செய்முறைப் பயிற்சிக்கு வேறிடம் வேண்டாம்; அவளுடைய பால்வாடியே ஆராய்ச்சிச் சாலை. பேராசிரியர் அங்கு வந்து பார்க்கட்டும். தரையில் அமர்ந்து பார்க்கட்டும். நூல்நிலையத்தில் எழுதிய ஆராய்ச்சியுரைக்குப் பதிலாக, ஒரு குழந்தையை ஒரு வருஷம் முழுவதும் கவனித்தெழுதிய குறிப்பே பட்டத்துக்குரிய ஆராய்ச்சியாகட்டும். பட்டம் பெறாத பால்வாடி ஆசிரியையைக் கதவடைத்துத் தள்ளாமல், அவள் படிப்படியாக ஏறிவர இணைப்புப் படிப்பொன்றும் வைக்கவேண்டும். கடைசியாக, பட்டம் பெற்றவளுக்கு ஊதிய உயர்வும், மேற்பார்வை உத்தியோகத்தில் உரிமையும் சட்டப்படி கிடைக்கவேண்டும். இக்கடைசி ஷரத்து இல்லையாயின் மற்றவை யாவும் காகிதமே.

இடம் உண்டு, ஆட்களும் உண்டு. திருநெல்வேலியில் 1990-இல் தோன்றிய மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகம் அருகிலிருக்கிறது. ஆசிரியர் கல்விக்கென்றே 2008-இல் ஏற்பட்ட பல்கலைக்கழகம் சென்னையில் இருக்கிறது. தூத்துக்குடி நகரிலேயே ஆசிரியப் பயிற்சிக் கலாசாலைகள் உள்ளன. இவை மூன்றும் கூடிப் பேசினால் ஆகாத காரியம் இல்லை.

பணம் எங்கே என்பது மூன்றாவது ஆட்சேபம். 2013-ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டத்தின் 135-ஆவது பிரிவு, பெருங் கம்பெனிகள் தங்கள் சராசரி லாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைப் பொதுநலத்துக்குச் செலவிடவேண்டும் என்கிறது. கல்வியும் அதில் அடங்கும். இத்துறைமுகத்தை நம்பி வாழும் கம்பெனிகள் பல. பெயர்ப்பலகையும் சுற்றுச்சுவரும் கட்டுவதினும் இது மேலான செலவு. ஆனால் தனவந்தர் கொடை துணையாகலாமேயன்றி முதலாகக் கூடாது. முதற்பொறுப்பு சர்க்காருடையது. மதிய உணவுக்குப் பணமேது என்று ஒருகாலத்தில் கேட்டவர்கள் உண்டு. 1920-இலேயே சென்னை நகரசபை தன் பள்ளியில் அதைத் தொடங்கியது, காமராஜர் முதலமைச்சராயிருந்தபோது அது மாகாணம் முழுதும் பரவியது, 1982-இல் எம்.ஜி.ஆர். சர்க்கார் பால்வாடிக் குழந்தைக்கும் அதை விரித்தனர். வயிற்றுக்கு வழி கண்ட நாடு, அறிவுக்கு வழி காணமுடியாது என்று நாம் நம்பவில்லை.

பட்டம் பெற்றவரெல்லாம் நல்லாசிரியர் ஆகிவிடுவரா என்பது நான்காவது ஆட்சேபம். ஆகார், மெய்தான். சன்னது பெற்ற வக்கீல்களெல்லாம் வாதிக்கத் தெரிந்தவரல்லர் என்பதை எம்மினும் நன்கறிந்தவர் யார்? அதனால் சட்டக் கலாசாலையை மூடிவிட்டோமா? படிப்பு இல்லாத அன்பு கண்ணில்லாதது. அன்பில்லாத படிப்பு கையில்லாதது. அன்புள்ள கைகள் நம் பால்வாடிகளில் நிரம்ப உள்ளன. கண் கொடுக்கவேண்டியது நாட்டின் கடமை.

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்ற பழமொழியை நம் மேடைகளில் கேளாத நாளில்லை. அதை நாம் குழந்தையை வளைப்பதற்கே பயன்படுத்தி வந்திருக்கிறோம். இனி வளையவேண்டியவர்கள் ஐம்பது கடந்த நாமே: சட்டம் செய்வோர், பல்கலைக்கழக சபையினர், கட்சித் தலைவர், பத்திராசிரியர். வ.உ.சிதம்பரம் பிள்ளை 1906-இல் இத்துறைமுகத்தில் சுதேசிக் கப்பற் கம்பெனி கண்டபோதும், வக்கீலுக்குக் கப்பல் எதற்கு என்று நகைத்தோர் இருந்திருப்பர். நகைத்தவரை நாடு மறந்தது. கப்பல் விட்டவர் பெயரை இன்று துறைமுகமே தாங்கி நிற்கிறது.

முத்துக்குளிப்பவன் கடலில் இறங்குமுன், மேலே தோணியில் கயிறு பிடிப்பவனைப் பார்த்துக்கொள்வான். தன் உயிர் அவன் கையில் என்று அறிவான். ஆகையால் மைத்துனன் கையிலேயே கயிற்றைக் கொடுப்பர் என்று இக்கரையில் ஒரு பேச்சு வழங்குகிறது. நம் குழந்தைகள் அறிவுக் கடலில் முதன்முறையாக இறங்குகின்றனர். கயிறு பிடித்திருப்பவள் பால்வாடி ஆசிரியை. அவளை மாதம் ஐயாயிரத்துக்குத் தற்காலிகமாக நிறுத்திவைப்பதா, நாட்டின் உயர்ந்த கல்வியைக் கொடுத்து உறுதியாக நிறுத்துவதா? தேர்தல் மேடைகளில் ஓட்டுக் கேட்டு வருவோரிடம் நேயர்கள் இக்கேள்வியைக் கேட்கவேண்டும். விடை வரும்வரை விடாமல் கேட்கவேண்டும்.